கொங்கு நாட்டுப் பருத்தியும் மகளிர் நலமும்

தொழில் வரலாறு எழுதப் புகுவார் பெரும்பாலும் ஆலைகளின் தொகையையும் ஏற்றுமதியின் அளவையும் முன்வைத்தே தொடங்குவர். அவ்வளவைகளுள் அடங்காத செய்திகளும் சில உள. பருத்தி விளைந்து, நூலாகி, துணியாகிக் கடல் கடந்து செல்லும் கொங்கு நாட்டில், மாதவிடாய் நாள்களில் மகளிர்க்குப் பயன்பட்ட துணி எத்தகையது, அவர்தம் உடல்நலத்தையும் பெண்மக்களின் கல்வியையும் அது எங்ஙனம் தாக்கியது என்னும் வினா அத்தகையதொன்று. பேசக் கூசும் பொருளென்று இதனை ஒதுக்குதல் வழக்கமாயிற்று. வரலாறு எழுதுவோர்க்கு அக்கூச்சம் தகாது. திருப்பூரும் கோயமுத்தூரும் அடங்கிய இந்நெசவுப் பகுதியில் அவ்வினாவிற்கு அண்மைக் காலத்தில் ஒரு விடை பிறந்தது. அது பிறந்த வகையையும், அது மாற்றியவற்றையும், மாற்றாது விட்டவற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். தொல்காப்பியக் கற்பியல், பூப்பு நிகழ்ந்த பின்னர்ப் பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் ஆகாது எனக் கூறுகிறது. அங்கே பூப்பு என்பது மகப்பேற்றை நோக்கிய சொல். இழிவுக் குறிப்பு அதில் இல்லை. புறநானூற்றில் 299-ஆம் பாடலைப் பாடிய பொன்முடியார், போருக்குத் தயங்கிப் பின்னிற்கும் பெருவேந்தன் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தீண்டாது ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமை கூறுகிறார். ஒதுங்கி நிற்றல் அந்நாளிலேயே அறியப்பட்ட வழக்கம் என்பது இதனாற் பெறப்படும். அப்பாடலிலேயே, எதிர்நின்று பொருத சிறு மன்னனின் ஊர் பருத்தியை வேலியாக உடையது என்ற குறிப்பும் வருகிறது. பருத்தியும் விலக்கும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பது தற்செயலே. எனினும் நம் பொருளுக்கு அது பொருந்தி அமைந்துவிட்டது. பிற்காலத்துச் சிவவாக்கியர் தூமை என்னும் சொல்லைப் பலமுறை எடுத்தாண்டு, அதனை இழிவென்று ஒதுக்குவாரை இடித்துரைக்கிறார். பேச்சு வழக்கிலோ தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு என்னும் சொற்களே நிலைபெற்றன. இவையனைத்தும் பெண் நிற்கும் இடத்தைக் குறிப்பன. அந்நாளில் அவள் அணியும் துணிக்கு, பழந்துணி என்பதல்லது, மதிப்புடைய பெயரொன்று பொதுப் பேச்சில் வழங்கக் காணோம்.

இனி நாட்டை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்போடியாப் பருத்தி கோயமுத்தூர் மாவட்டத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் வேரூன்றியது. திருப்பூரில் பஞ்சு அரைவை ஆலைகளும் பருத்திச் சந்தையும் வளர்ந்தன. கதரியக்க நாள்களில் தென்னாட்டுக் கதரின் முதன்மை இடங்களுள் ஒன்றாக இவ்வூர் விளங்கியது. 1920-களில் பின்னலாடைப் பொறிகள் வந்தன. பனியன் என்னும் சொல்லே ஊரின் அடையாளமாயிற்று. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிப் பெருகியது. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. பனியன் துணி வெட்டும் மேசையிலிருந்து விழும் மென்மையான கழிவுத் துண்டுகள் ‘பனியன் வேஸ்ட்’ என்னும் பெயரால் விலையாகி, பட்டறைகளில் எந்திரத்தின் எண்ணெய் துடைக்கச் சென்றன. ஒரு பகுதி மீண்டும் பஞ்சாக்கப்பட்டு நூற்கப்பட்டது. துணிக்குப் பஞ்சமே இல்லாத நாடு இது என்று சொல்லத் தோன்றும். அங்ஙனமாயின், இதே பகுதியில் மகளிர் கந்தலை ஒளித்து வைத்து உடுத்தியது ஏன்?

வறுமை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அது முழு விடையாகாது. இதற்கு விடைகாணப் பஞ்சின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். செடியிலிருந்து பறித்த பஞ்சு நீரை ஏற்பதில்லை. இழையின் மேற்புறத்தில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. நீர் அதன்மேல் முத்தாக உருண்டோடும். காரச் சோடாவில் வேகவைத்து அம்மெழுகை நீக்கி வெளுத்த பின்னரே பஞ்சு நீர் உறிஞ்சும் தன்மை பெறுகிறது. சலவைப் பட்டறையில் வேலை செய்தார் எவர்க்கும் இது தெரிந்த செய்தி. (அப்பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் வெளிவிட்ட கழிவுநீரால் நொய்யல் கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூட ஆணையிட்டதும், பின்னர் ஒரு துளிக் கழிவும் வெளிவிடாத முறைக்குத் தொழில் மாற நேர்ந்ததும் தனிக் கட்டுரைக்கு உரியன.) இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து அறுவை மருத்துவர் சாம்சன் காம்சி என்பார், வெளுத்த பஞ்சை வலைத்துணியினுள் பொதிந்த கட்டுத்துணியை 1880-ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தார். அதன் வழியிலேயே 1890-களில் அமெரிக்காவில் மகளிர்க்குரிய பஞ்சுப் பட்டைகள் கடைக்கு வந்தன. அவை விலைபோகவில்லை. கடைக்காரரிடம் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கப் பெண்கள் நாணினர்.

அடுத்த மாற்றம் போரினால் விளைந்தது. முதல் உலகப் போரின்போது புண்கட்டும் பஞ்சுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. கிம்பர்லி கிளார்க் என்னும் அமெரிக்கக் காகித நிறுவனம் மரக்கூழிலிருந்து ஒரு மாற்றுப் பொருளைச் செய்து படைக்கு அளித்தது. அது பஞ்சினும் மலிவாயும் பஞ்சினும் மிகுதியாக நீரை ஏற்பதாயும் இருந்தது. போர்முனைச் செவிலியர் அதனைத் தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்திக் கொண்டனர். போர் முடிந்து சரக்கு தேங்கியபோது, செவிலியர் கண்ட இப்பயனே 1920-ஆம் ஆண்டில் கோட்டெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைப் பொருளாயிற்று. கேட்டு வாங்கும் நாணத்தைத் தவிர்க்க, கடைமேசையில் பெட்டியொன்றை வைத்து, காசையிட்டுப் பொதியைத் தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தனர். ஆய்வகத்தார் தேடாத பயனைச் செவிலியர் கண்டனர் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்வோம்.

இவ்வாறு 1920-இலேயே பஞ்சை விட்டு மரக்கூழுக்கு மாறிய செய்தி, கொங்கு நாட்டுப் பஞ்சுக் கிடங்குகளின் நடுவே வாழ்ந்த ஒருவர்க்கு எழுபத்தெட்டு ஆண்டு கழித்தும் எட்டவில்லை. அவரே கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தம். கைத்தறி நெசவாளர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் விபத்தில் இறந்தபின் பதினான்காம் வயதில் பள்ளியை விட்டவர். பற்றவைப்புப் பட்டறையில் தொழில் பயின்றவர். 1998-இல் திருமணம் நிகழ்ந்தது. மனைவியார் மாதவிடாய்க்குப் பழங்கந்தலைச் சேர்த்து ஒளித்து வைத்ததைக் கண்டு வினவியபோது, கடைநாப்கின் வாங்கினால் வீட்டுப் பாலுக்குப் பணம் இராது என்னும் விடை வந்ததாக அவரே பல இடங்களிற் கூறியுள்ளார்.

கடையில் ஒன்றை வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். சிறிதளவு பஞ்சு, அதற்கு இத்துணை விலையா என்று வியந்தார். பஞ்சு நாட்டுப் பிறந்தார்க்கு அது பஞ்சாகவே தோன்றியது இயல்பு. அந்தத் தோற்றமே அவரை இரண்டாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. வெளுத்த பஞ்சைத் துணியிற் பொதிந்து மனைவியாரிடம் கொடுத்தார். பயனில்லை என்று அவர் கூறிவிட்டார். உடன்பிறந்த மகளிர் மறுத்தனர். மருத்துவக் கல்லூரி மாணவியரை அணுகினார். அவர்களும் மனம் திறந்து பேசத் தயங்கினர். முடிவில் தம்மீதே சோதனை செய்தார்: பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையில் ஆட்டுக் குருதியை நிரப்பி, ஆடைக்குள் கட்டிக்கொண்டு நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் பார்த்தார். ஊரார் பழித்தனர். மனைவியார் பிரிந்து சென்றார். பயன்படுத்திய நாப்கின்களைச் சேர்த்து ஆராயத் தொடங்கியதும் தாயாரும் வீட்டை விட்டகன்றார். மனைவியார் பின்னர் மீண்டு வந்தமை நன்று. ஆயினும் இவ்வாண்டுகளை வேடிக்கைக் கதையாக மட்டும் கூறுவாரோடு நாம் உடன்படுவதில்லை. பெண்களின் உடலைப் பற்றிய ஓர் எளிய செய்தியைப் பெண்களிடம் கேட்டறிய இயலாத சமுதாயத்தில், ஆண் ஒருவன் தன் உடலில் பொய்க் குருதி ஒழுகவிட்டு அறிய நேர்ந்தது என்பதே அதன் பொருள்.

பஞ்சு தோற்றது ஏன்? வெளுத்த பஞ்சு ஈரத்தை விரைந்து ஏற்கும். ஆனால் நனைந்ததும் அமுங்கிக் கெட்டிப்பட்டு, உட்காரும்போதும் நடக்கும்போதும் அழுத்தம் பட்டால் ஏற்றதை மீண்டும் வெளியே விடும். ஊசியிலை மரக்கூழின் இழைகளைத் தனித்தனியே உதிர்த்துப் பொதிந்தால், இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வெற்றிடங்கள் நனைந்த பின்னும் ஓரளவு நிலைத்து நீரைப் பிடித்து நிறுத்தும். ஏற்றல் வேறு, பிடித்து நிறுத்தல் வேறு. இவ்வேறுபாடே நாப்கினின் உயிர்நாடி. இதனை அவர் அறிந்த வழி சுவையானது. தாம் கோயமுத்தூர் ஆலை உடைமையாளர் என்றும் இத்தொழிலில் இறங்க எண்ணுவதாகவும் சொல்லிப் பெருநிறுவனங்களிடம் மூலப்பொருளின் மாதிரி கேட்டார். அஞ்சலில் கெட்டியான அட்டைகள் வந்தன. அட்டையைக் கிழித்துப் பார்த்தபோதுதான் அது மரத்திலிருந்து வந்த செல்லுலோசு என்பது விளங்கியது. ஆலை உடைமையாளர் என்று சொன்னால் அட்டை வரும், பற்றவைப்பவன் என்று சொன்னால் வராது என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

பொருள் தெரிந்தது, அடுத்த தடை பொறி. அவ்வட்டையை உதிர்த்து நாப்கினாக்கும் இறக்குமதி எந்திரத் தொகுதியின் விலை மூன்றரைக் கோடி ரூபாய் என்று அறிந்தார். இங்கேதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இருப்பதாகக் கருதுகிறோம். நாப்கினை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது முன்னரே இருந்தது. பெரும் எந்திரம் ஒரே ஓட்டத்தில் செய்யும் வேலையை அவர் நான்காகப் பிரித்தார். வீட்டு மிக்சியை ஒத்த கருவி அட்டையைப் பஞ்சுபோல் உதிர்க்கும். மற்றொன்று அதனை நீள்சதுரப் பட்டையாக அழுத்தும். அதன்மேல் நெய்யப்படாத மென்துணியைச் சுற்றி ஒட்டுவர். இறுதியில் புற ஊதாக் கதிரால் நுண்ணுயிர் நீக்குவர். ஒவ்வொன்றும் கண்ணால் கண்டு கையால் செய்யத்தக்கது. பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே செப்பனிடலாம். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பர். விலை ஏறத்தாழ 65,000 ரூபாய்; இறக்குமதிப் பொறியின் விலையில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. முதற்பொறியின் பெரும்பகுதி மரத்தால் ஆயது. 2006-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரிடம் அதனைக் காட்டினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பரிசு பின்னர் வந்தது. 2016-இல் பத்மசிறீ விருது பெற்றார். 2018-இல் அவர் வாழ்க்கையைத் தழுவி இந்தித் திரைப்படமொன்றும் வெளிவந்தது.

பொறியைப் பெருநிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே விற்றது இரண்டாவது புதுமை. பீகார், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் முதலிய வடமாநிலச் சிற்றூர்களுக்கும் பொறிகள் சென்றன. செய்பவளும் விற்பவளும் வாங்குபவளும் பெண்ணேயாதலின், கடைமேசைப் பெட்டிக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆயினும் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்த்தல் நன்று. ஒரு பொறியில் நாளொன்றுக்கு 200 முதல் 250 நாப்கின் வரை செய்யலாம் எனக் கூறப்பட்டது. ஆண்டுக்கு 300 வேலைநாள் எனக் கொண்டால் மிகுதியளவாக 75,000. ஒருத்திக்குத் திங்களுக்கு 8 வேண்டுமெனின் ஆண்டுக்கு 96. ஆக ஒரு பொறி 780 பெண்டிர்க்கே முழுமையாகப் போதும். ஒரு பொறி ஓரூருக்கு என்னும் அளவே அதன் வலிமை. சந்தையில் அதுவே அதன் மெலிவும் ஆயிற்று. 2017 சூலையில் நாப்கின்மீது 12 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் 2018 சூலையில் அது நீக்கப்பட்டது. நீக்கம் யாவர்க்கும் நன்மை போலத் தோன்றும். ஆனால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வழி அதனோடு அடைபட்டது. சிறு குழுக்களுக்கு அது சுமையாயிற்று. 2019 ஆகத்தில் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் நாப்கின் ஒன்று ஒரு ரூபாய்க்கு வந்தது. இரண்டரை ரூபாய் அளவில் விற்ற சிற்றூர்க் குழு அதனோடு போட்டியிடுதல் அரிது.

தமிழ்நாட்டில் அரசே இப்பணியை மேற்கொண்டது. 2011-இல் அறிவிக்கப்பெற்ற புதுயுகம் திட்டத்தின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ள ஊர்ப்புறப் பெண்மக்களுக்கு, ஆறு நாப்கின் கொண்ட பைகள் இரண்டு திங்களுக்கு மூன்று வீதம் இலவசமாக வழங்கப்பட்டன. பள்ளி ஆசிரியையரும் ஊர்ச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அவற்றை வழங்கியதால், வகுப்பறையில் இப்பொருள் பெயர் சொல்லிப் பேசப்பட்டது. நாட்டளவில், 15 முதல் 24 வயது வரையுள்ள மகளிருள் நலமுடைய முறையைக் கையாள்வோர் 2015–16-ஆம் ஆண்டுக் குடும்பநல ஆய்வில் 57.6 விழுக்காடாகவும், 2019–21-ஆம் ஆண்டு ஆய்வில் 77.3 விழுக்காடாகவும் இருந்தனர். இந்தியப் பெண்களுள் 12 விழுக்காட்டினரே நாப்கின் பயன்படுத்துகின்றனர் என்று அதற்குச் சில ஆண்டு முன்னர் பரவிய எண்ணை இன்னும் மேற்கோளாக எடுத்தாள்வார் உளர். பிந்திய பேராய்வுகளின் முன் அவ்வெண் நிற்பதற்கில்லை.

உடல்நலம் பற்றிய சான்று ஓரளவு தெளிவானது. ஒடிசாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, துவைத்துப் பயன்படுத்தும் துணியை அணிவோரிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்த்தாரைத் தொற்றுகளின் அறிகுறி மிகுதி எனக் கண்டது. குற்றம் துணியினுடையதன்று. வெயிலில் உலர்த்தப்பட வேண்டிய துணி, பிறர் காணலாகாது என்று புடைவையின் அடியிலும் கூரையின் உட்புறத்திலும் உலர்த்தப்பட்டது. கதிரவன் தானே செய்திருக்கும் வேலையைப் பொறியின் புற ஊதாக் கதிர் செய்ய நேர்ந்தது. ஆரோவில்லில் 2010-இல் தொடங்கிய ஈக்கோ ஃபெம் அமைப்பினர் பருத்தித் துணியாலேயே மீண்டும் மீண்டும் துவைத்துப் பயன்படுத்தும் பட்டைகளைத் தைத்து, கழிவும் செலவும் குறையும் வழியைக் காட்டியுள்ளனர். பஞ்சு நாட்டின் துணி மறுபடியும் இங்கே இடம்பெறுகிறது. ஆனால் துவைக்க நீரும் உலர்த்த வெளியும் உடையார்க்கே அது ஏற்கும்.

கல்வி பற்றிய சான்று அத்துணை எளிதன்று. நாப்கின் கிடைத்தால் பெண்மக்கள் பள்ளிக்கு ஒழுங்காக வருவர் என்பது பலரும் கூறும் கூற்று. நேபாளத்தில் மாதவிடாய்க் கிண்ணத்தைக் கொடுத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வு, மாதவிடாயால் இழக்கப்பெறும் பள்ளி நாள் ஆண்டில் ஒன்றுக்கும் குறைவே என்றும், பொருள் கிடைத்ததால் வருகை உயரவில்லை என்றும் கண்டது. உகாண்டாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வோ, நாப்கின் பெற்ற பள்ளியிலும், பூப்பைப் பற்றிய பாடம் மட்டும் பெற்ற பள்ளியிலும் வருகை வீழ்ச்சி தணிந்ததாகக் கூறுகிறது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், வருகைப் பதிவேடு இதற்கு ஏற்ற அளவுகோல் அன்று என்றே கருத வேண்டியுள்ளது. பள்ளிக்கு வந்தும், கறை பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் எழுந்து விடை சொல்லாத சிறுமி பதிவேட்டில் வந்தவளே. தாழிடும் கதவும் நீரும் குப்பைக் கூடையும் உள்ள கழிப்பறை அருகில் இல்லையேல், கையில் நாப்கின் இருந்தும் அவள் மாற்றிக்கொள்ள இயலாது.

இக்கருத்து பள்ளியோடு நில்லாமல் திருப்பூர் வரை நம்மை மீண்டும் அழைத்து வருகிறது. பள்ளியை விட்ட பெண்மக்கள் பலர் சென்று சேர்ந்த இடம் நூற்பாலையும் பனியன் கம்பெனியும். ஓவர்லாக் பொறியின் முன் அமர்ந்தவள் ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய உருப்படிக்கு எண்ணிக்கை உண்டு. அவள் எழுந்தால் வரிசை தேங்கும். தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019 சூனில் வெளியிட்ட அறிக்கைக்காகத் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த ஏறத்தாழ நூறு பெண்கள் வினவப்பட்டனர். மாதவிடாய் வலி என்று சொன்னால் விடுப்புக்கு மாறாகப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் மேற்பார்வையாளரால் தரப்பட்டன என்று அவர்கள் கூறினர். தங்கள் உடல்நலம் அதனாற் கெட்டதாகப் பாதிக்கு மேற்பட்டோர் உரைத்தனர். அம்மாத்திரையும் ஒருவகையில் வகுத்தமைக்கப்பட்ட பொருளே. பெண் எழுந்து செல்லாதிருக்க வகுத்தது. முருகானந்தத்தின் பொறியும் அம்மாத்திரையும் நூறு கிலோமீட்டர் எல்லைக்குள், ஒரே பருத்தித் தொழிலின் நிழலில், ஒரே தலைமுறையில் வழங்கின.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மகளிர்க்குத் தனிக் கழிப்பிடமும் கைகால் கழுவும் இடமும் அமைக்க வேண்டும் என விதித்தது. எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்பதற்கும் விதிகள் வகுத்துள்ளனர். அங்குச் சென்று வர எத்தனை நிமிடம் என்பதற்கு மட்டும் விதியில்லை. அதனை வரிசை மேற்பார்வையாளரே முடிவு செய்தனர். மேற்கூறிய 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் பேசிய பெண்கள் மாத்திரையை விழுங்கியது வலிக்காக மட்டுமன்று, எழுந்தால் கூலி குறையும் என்பதற்காகவும்தான்.